பாடம் 6: தங்கவயல் கற்பித்த பாதுகாப்பு

கற்றல் நோக்கங்கள்

- தொழிலிடங்களில் உள்ள இடர்களையும் அவற்றைத் தடுக்கும் வழிகளையும் அறிதல்.
- கோலார் தங்கவயலில் உழைத்த தமிழர்களின் வரலாற்றை உணர்தல்.
- செய்வினை, செயப்பாட்டுவினை வேறுபாட்டை அறிந்து பயன்படுத்துதல்.

நுழையும் முன்

சென்ற ஆண்டு நம் வகுப்பில் ‘என் தந்தையின் தொழில்’ என்னும் தலைப்பில் சில வரிகள் எழுதப் பணித்தேன். மாணவி ஒருத்தி மூன்றே வரிகள் எழுதியிருந்தாள்: “அப்பா பன்னிரண்டாம் மாடியில் சாரத்தின்மேல் நின்று பூச்சுவேலை செய்கிறார். ஏழு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். ஏழு மணிக்கு மேல் ஆகிவிட்டால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து நிற்பார்.”

அவ்வரிகளில் எழுத்துப்பிழைகள் இரண்டு இருந்தன. அவற்றைத் திருத்திக் கொடுத்தேன். ஆனால், மூன்றாவது வரியை இன்றுவரை என்னால் மறக்க இயலவில்லை.

மாணவர்களே! உங்களுள் பலருடைய வீட்டு வாசலிலும் இத்தகைய காத்திருப்பு இருக்கலாம். பெங்களூருவுக்குக் கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஓர் ஊரில், தமிழ்க் குடும்பங்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இவ்வாறே காத்திருந்தன. அவ்வூர் கோலார் தங்கவயல். அங்கு உழைத்தோர் நாட்டுக்குப் பொன்னை மட்டும் தரவில்லை. பணியிடப் பாதுகாப்பு என்னும் பாடத்தையும் தந்தனர். அப்பாடத்தை இங்குக் கற்போம்.

1. மண்ணுக்கு அடியில் ஓர் உலகம்

கோலார்ப் பகுதியில் பழங்காலத்திலேயே மக்கள் பொன் அகழ்ந்தனர். எனினும், 1880 ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனம் பொறுப்பேற்ற பின்னரே ஆழ்சுரங்கத் தொழில் அங்குப் பெருகியது. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம் ஆகியவை அங்கிருந்த முதன்மையான சுரங்கங்கள். வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து, நிலமும் வேலையும் இல்லாத எளிய மக்கள் குடும்பம் குடும்பமாக அங்குச் சென்றனர். தெலுங்கும் கன்னடமும் பேசுவோரும் அவர்களோடு சேர்ந்து உழைத்தனர். வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட சிறுகுடியிருப்புகளை அவர்கள் ‘லைன்’ என்று அழைத்தனர்.

சுரங்க எந்திரங்களை இயக்குவதற்காகவே 1902 ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் கொண்டுவரப்பட்டது. பெங்களூருவின் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905 ஆம் ஆண்டில்தான். நகரத்துக்கு முன்பே சுரங்கம் மின்னொளி பெற்றது.

காலப்போக்கில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை அடைந்து, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றானது. தஞ்சைப் பெரிய கோவிலின் விமானம் 216 அடி உயரமுடையது என்பர். அத்தகைய விமானங்கள் ஏறத்தாழ ஐம்பதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எவ்வளவு உயரமோ, அவ்வளவு ஆழத்துக்கு மனிதர்கள் இரும்புக் கூண்டில் இறங்கினர். வேலை முடிந்ததும் ஏறினர். ஏறி வருவோரை எதிர்நோக்கி மேலே குடும்பங்கள் காத்திருந்தன.

2. மூன்று இடர்கள்

*பாறை வெடிப்பு:* மண்ணுக்கடியில் உள்ள பாறை, தனக்கு மேலிருக்கும் பாறைகளின் பெருஞ்சுமையைத் தாங்கி நிற்கிறது. ஓரிடத்தைக் குடைந்து வெற்றிடமாக்கினால், அங்குத் தாங்கப்பட்ட சுமை அருகிலுள்ள பாறையின்மேல் சென்று சேரும். சுமை அளவு கடந்தால் பாறை திடீரென வெடித்துச் சிதறும். இதனைத் தங்கவயல் மக்கள் ‘ஏர் பிளாஸ்ட்’ என்றனர். பெரிய வெடிப்பு நேர்ந்தால் மேலே உள்ள வீடுகளும் நிலநடுக்கம் வந்தாற்போல் அதிரும். வீட்டில் பாத்திரம் உருண்டால், கீழே இறங்கியவரைப் பற்றிய அச்சம் நெஞ்சில் எழும்.

இவ்விடரைக் குறைக்க, குடைந்த இடங்களைக் கருங்கற்களால் கட்டி நிரப்பினர். பிற்காலத்தில் கான்கிரீட்டையும் பயன்படுத்தினர். பாறையின் அதிர்வுகளைக் கருவிகளால் பதிவு செய்து ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சி மரபின் தொடர்ச்சியாக, 1988 ஆம் ஆண்டில் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலிலேயே தொடங்கப்பட்டது. இன்று அணைகள், சுரங்கப்பாதைகள் போன்ற பெரும்பணிகளுக்கு அந்நிறுவனம் அறிவுரை வழங்குகிறது.

*கல்தூசி:* பாறை வெடிப்பு ஓசையோடு வரும். கல்தூசியோ ஓசையின்றி வரும். பாறையைத் துளைக்கும்போது எழும் நுண்ணிய சிலிக்காத் துகள்கள் மூச்சோடு நுரையீரலின் உட்பகுதிவரை செல்லும். அங்கு அவை வடுக்களை உண்டாக்கும். நாளடைவில் நுரையீரல் இறுகி, மாடிப்படி ஏறுவதும் மலையேறுவதுபோல் ஆகிவிடும். இந்நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். காசநோய் எளிதில் தொற்றவும் இது வழிவகுக்கும். இறுகிய நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இன்றும் இல்லை. ஆனால், நோய் வராமல் தடுக்க இயலும். துளையிடும்போது நீரைச் செலுத்தினால் தூசி சேறாகிப் படிந்துவிடும். காற்றோட்டம் இருந்தால் எஞ்சிய தூசியும் அகன்றுவிடும். இந்தியாவில் இந்நோய் முற்காலத்திலேயே ஆராயப்பட்ட இடங்களுள் கோலார் ஒன்று.

*வெப்பம்:* பூமியின் உள்ளே செல்லச் செல்ல வெப்பம் மிகும். மிக ஆழமான பகுதிகளில் பாறையின் வெப்பநிலை 60 பாகை செல்சியசையும் தாண்டியது. எனவே, மேலே குளிரூட்டிய காற்றைக் கீழே செலுத்தினர். குளிர்ந்த காற்று அங்கு ஆடம்பரம் அன்று, உயிர்த்தேவை.

இம்மூன்று இடர்களையும் எண்ணிப் பாருங்கள். பாறை வெடிப்பைத் தொழிலாளியின் துணிவு தடுக்குமா? கல்தூசியை அவருடைய உடல்வலிமை வெல்லுமா? இல்லை. கருங்கல் சுவரும், நீர் பாய்ச்சும் துளைக்கருவியும், குளிர்காற்றும் முன்கூட்டியே செய்யப்பட வேண்டிய ஏற்பாடுகள். தொழிலாளி கவனமாக இருக்க வேண்டும் என்பது உண்மையே. ஆனால், கவனத்தால் மட்டும் தடுக்கக்கூடிய இடர்கள் சிலவே. ஏற்பாட்டால் தடுக்க வேண்டியவையே பல.

3. இழப்பின் பின்னே எழுந்த சட்டங்கள்

1897 ஆம் ஆண்டில் கோலார் தங்கவயலில் நேர்ந்த கொடிய விபத்தில் 52 பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டில் பலுசிஸ்தானத்தில் கோஸ்ட் என்னுமிடத்து நிலக்கரிச் சுரங்கத்தில் 47 பேர் மாண்டனர். இவ்விரு துயரங்களும் ஆட்சியாளரை விரைந்து செயல்படத் தூண்டின. 1901 ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் சுரங்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1902 ஆம் ஆண்டு சனவரி 7 ஆம் நாள் சுரங்கங்களை ஆய்வு செய்வதற்கான அலுவலகம் கல்கத்தாவில் நிறுவப்பட்டது. பின்னர் அது தன்பாத்துக்கு மாற்றப்பட்டது. விடுதலைக்குப் பின் 1952 ஆம் ஆண்டில் வந்த புதிய சுரங்கச் சட்டம், நிலத்தடியில் ஒருவர் நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யலாகாது என வரையறுத்தது.

தொழிற்சாலைகளுக்கு 1948 ஆம் ஆண்டில் தனிச்சட்டம் வந்தது. சுழலும் எந்திரப் பகுதிகளைத் தடுப்பு வைத்து மூட வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. 1984 ஆம் ஆண்டு திசம்பர் 2 ஆம் நாள் நள்ளிரவில் போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் என்னும் நச்சு வாயு கசிந்தது. உறங்கிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். அதன்பின் 1987 ஆம் ஆண்டில் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. தம் பணியில் என்னென்ன இடர்கள் உள்ளன என்பதை அறியும் உரிமை தொழிலாளர்க்குக் கிடைத்தது. இடர் மிகுந்த செயல்முறைகளில், ஆபத்து நெருங்குவதாகக் கருதினால் உடனே எடுத்துரைக்கும் உரிமையும் கிடைத்தது.

கட்டுமானத் தொழிலாளர்க்கான சட்டம் 1996 ஆம் ஆண்டில் வந்தது. 2020 ஆம் ஆண்டில் இவற்றை உள்ளிட்ட 13 சட்டங்கள் ஒரே தொகுப்பாக இணைக்கப்பட்டன.

இவ்வரலாற்றை நிரல்படப் படித்தால் ஒன்று புலப்படும். பல நேரங்களில் இழப்பு முன்னே வந்தது; சட்டம் பின்னே வந்தது. எனவே, சட்டநூலில் உள்ள ஒரு விதியை வெறும் கட்டுப்பாடாக எண்ணற்க. அவ்விதி இல்லாமையால் வீடு திரும்பாத ஒருவரை அது நினைவூட்டுகிறது.

4. தங்கவயலில் பிறந்த ஒரு குரல்

சுரங்கத்துக்குள் மட்டுமா இடர் இருந்தது? சுரங்கக் குடியிருப்புகளில் உலர்கழிப்பிடங்கள் இருந்தன. அவற்றை மனிதர்கள் தம் கைகளால் தூய்மை செய்தனர். சாதியின் பெயரால் அவ்வேலை சிலர்மீது மட்டும் சுமத்தப்பட்டது. அத்தகைய குடும்பம் ஒன்றில், 1966 ஆம் ஆண்டில் தங்கவயலில் பிறந்தவர் பெசவாடா வில்சன். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட அவர், தம் தந்தையும் தமையனும் செய்த வேலையைக் கண்டு மனம் வருந்தினார். வருத்தத்தோடு நின்றுவிடாமல் முறையிட்டார், கடிதங்கள் எழுதினார், மக்களைத் திரட்டினார். சஃபாயி கர்மசாரி ஆந்தோலன் என்னும் இயக்கத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரானார். 2016 ஆம் ஆண்டில் அவருக்கு ரமோன் மகசேசே விருது வழங்கப்பட்டது.

மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதையும், பாதாளச் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் காப்பின்றி மனிதரை இறக்குவதையும் 2013 ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அவ்வியக்கம் தொடுத்த வழக்கில் 2014 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாக்கடையில் உயிரிழந்தோர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று அது கூறியது. 2023 ஆம் ஆண்டில் வேறொரு வழக்கில் அத்தொகை முப்பது இலட்சமாக உயர்த்தப்பட்டது. ஆயினும், இழப்பீடு உயிருக்கு ஈடாகாது. தொட்டிக்குள் மனிதர் இறங்காமல் எந்திரத்தால் தூய்மை செய்வதே உண்மையான தீர்வு.

> தெரிந்து தெளிவோம்
>
> கழிவுநீர்த் தொட்டியில் ஐதரசன் சல்பைடு என்னும் நச்சு வாயு தேங்கியிருக்கலாம். முதலில் அழுகிய முட்டை போன்ற நாற்றம் வீசும். வாயுவின் அளவு மிகுந்தால் மூக்கு அந்நாற்றத்தை உணரும் ஆற்றலையே இழந்துவிடும். “நாற்றம் போய்விட்டது; இனி இறங்கலாம்” என்று எண்ணுவது பெருந்தவறு. உள்ளே மயங்கி விழுந்தவரைக் காப்பாற்றக் காப்புக் கருவியின்றி இறங்குவோரும் உயிரிழக்கின்றனர். அத்தகைய நேரத்தில் இறங்காதீர்கள். பிறரையும் இறங்க விடாதீர்கள். 112 என்னும் எண்ணை உடனே அழையுங்கள்.

5. நிலத்தடியிலிருந்து மாடிக்கு

2001 ஆம் ஆண்டு பிப்ரவரி 28 ஆம் நாள் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. பொன்னைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய அரைமணல், சயனைடு மேடுகளாக இன்றும் ஊரைச் சூழ்ந்துள்ளது. காற்று வலுத்தால் அத்தூசி வீடுகளுக்குள் புகுகிறது. வேலை மூடப்பட்டாலும் வேலையின் இடர் உடனே நீங்குவதில்லை என்பதற்கு அம்மேடுகளே சான்று.

வேலை இழந்த ஊர் வேலை தேடிப் பெங்களூருவை நோக்கித் திரும்பியது. மாரிகுப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களிலிருந்து விடியற்காலையில் தொடர்வண்டி ஏறும் ஆயிரக்கணக்கானோர் இரவில் ஊர் திரும்புகின்றனர். கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்து பெங்களூருவிலேயே குடியிருப்போரும் பலர். அன்று மண்ணுக்கு அடியில் இறங்கியவர்களின் வழித்தோன்றல்களுள் சிலர் இன்று வானளாவிய கட்டடங்களில் ஏறுகின்றனர். இடம் மாறியது, காத்திருப்பு மாறவில்லை.

பெங்களூருவில் நாம் அன்றாடம் காணும் சில பணிகளையும், அவற்றில் உள்ள இடர்களையும், செய்ய வேண்டிய ஏற்பாடுகளையும் காண்போம்.

- உயரமான கட்டடப்பணி: சாரத்திலிருந்தும் மூடப்படாத லிஃப்ட் குழியிலும் விழுதல். சாரம் உறுதியாகக் கட்டப்பட வேண்டும். விளிம்பில் தடுப்புக் கம்பி வேண்டும். கீழே வலை வேண்டும். குழிகள் மூடப்பட வேண்டும். சேஃப்டி பெல்ட்டின் கொக்கியை உறுதியான இடத்தில் மாட்ட வேண்டும்.
- அடித்தளம் தோண்டுதல்: மழைக்காலத்தில் மண் சரிதல். குழியின் பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்கலாகாது.
- கல் அறுத்தல், டைல்ஸ் வெட்டுதல்: கல்தூசியால் நுரையீரல் கெடுதல். நீர் விட்டுக்கொண்டே அறுக்க வேண்டும். தங்கவயலில் கண்ட அதே தூசி இங்கும் எழுகிறது. இங்கும் தீர்வு நீர்தான்.
- பிரஸ் எந்திரம்: விரல்கள் நசுங்குதல். இரு கைகளாலும் இரு பொத்தான்களை ஒருசேர அழுத்தினால் மட்டுமே இயங்குமாறு எந்திரத்தை அமைக்கலாம். அப்போது கை உள்ளே இருக்க வழியில்லை.
- மின்பணி: மின்சாரம் தாக்குதல். மின் இணைப்பைத் துண்டித்து, அதனைப் பிறர் மீண்டும் இயக்காதவாறு பூட்டிய பின்னரே வேலை தொடங்க வேண்டும்.

6. பாதுகாப்பின் ஐந்து படிகள்

பாதுகாப்பு என்றதும் தலைக்கவசமே பலருடைய நினைவுக்கு வரும். தலைக்கவசம் இன்றியமையாததுதான். ஆனால், வல்லுநர்கள் அதனை இறுதிப்படியாகவே வைக்கின்றனர்.

முதற்படி, இடரையே நீக்குதல்: உயரத்தில் செய்யும் வேலையைத் தரையிலேயே செய்து மேலேற்ற முடியுமா? இரண்டாம் படி, இடர் குறைந்த பொருளை மாற்றாகக் கொள்ளுதல். மூன்றாம் படி, மனிதருக்கும் இடருக்கும் இடையே தடுப்பு அமைத்தல்: வலை, மூடி, காற்றோட்டம், நீர்த்தெளிப்பு ஆகியவை இதில் அடங்கும். நான்காம் படி, பயிற்சியும் ஓய்வும் எச்சரிக்கைப் பலகையும் கொண்டு வேலையை ஒழுங்குபடுத்துதல். ஐந்தாம் படியே தலைக்கவசம், கையுறை, காலணி முதலிய காப்பணிகளை அணிதல்.

முதல் நான்கு படிகளையும் அமைக்கும் பொறுப்பும், காப்பணிகளை வழங்கும் பொறுப்பும் வேலை தருவோருக்கு உரியவை. வழங்கியவற்றை முறையாக அணிவதும், கற்ற நெறிப்படி நடப்பதும் தொழிலாளியின் கடமை. நான்கு படிகளையும் விட்டுவிட்டு, விழுந்தவரை நோக்கி “நீ ஏன் கவனமாக இல்லை?” என்று கேட்பது நேர்மையாகாது.

7. நம்மால் இயன்றது

மாணவர்களே! உங்களிடம் உள்ள ஓர் ஆற்றலை நீங்கள் அறிவீர்களா? உங்களுக்குக் கன்னடம் படிக்கத் தெரியும். ஊரிலிருந்து வந்த உங்கள் பெற்றோருக்கு அது தெரியாதிருக்கலாம். பணியிடப் பலகையில் உள்ள கன்னடச் சொற்களை அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். அது கடினமும் அன்று. கன்னடத்தில் ‘எச்சரிக்கெ’ என்பது தமிழில் ‘எச்சரிக்கை’. கன்னடத்தில் ‘அபாய’ என்பது தமிழில் ‘அபாயம்’. எழுத்துகளின் வடிவமே வேறு. சொற்கள் நமக்கு உறவினவே.

கர்நாடகத்தில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் உள்ளது. 18 முதல் 60 வயதுக்குட்பட்டு, முந்தைய ஓராண்டில் 90 நாள் கட்டுமானப் பணி செய்தவர் அதில் பதிவு செய்து கொள்ளலாம். வேறு மாநிலத்திலிருந்து வந்து இங்குப் பணிபுரிவோர்க்கும் இது பொருந்தும். விண்ணப்பத்தைப் படித்து நிரப்புவதில் நீங்கள் துணைநிற்கலாம்.

ஒன்றை மறவாதீர்கள். பதினெட்டு வயது நிறையாதவர்களை இடர் மிகுந்த தொழிலில் ஈடுபடுத்துவது சட்டப்படி குற்றம். விடுமுறை நாளில் துணைக்குச் செல்வதாயினும் சாரத்தின்மேல் ஏறாதீர்கள்.

மாலையில் வீடு திரும்பும் தந்தையிடமும் தாயிடமும், “இன்று வேலை எப்படி இருந்தது?” என்று கேளுங்கள். “பெல்ட் கொடுத்தார்களா? கொக்கியை எதில் மாட்டினீர்கள்?” என்றும் கேளுங்கள். வாசலில் காத்திருப்பது அன்பின் அடையாளம். அச்சமின்றிக் காத்திருக்கும் நிலையை உருவாக்குவது அரசு, வேலை தருவோர், தொழிலாளர் ஆகிய அனைவரின் கடமை. அக்கடமையை நினைவூட்டும் கேள்விகளை நாம் இன்றே கேட்கத் தொடங்கலாம்.

சொற்பொருள்

- இடர் – துன்பம் விளைவிக்கக்கூடியது
- அகழ்தல் – தோண்டுதல்
- சாரம் – கட்டட வேலைக்காகக் கட்டப்படும் மேடை
- முட்டு – சரியாமல் தாங்கும் தாங்கல்
- காப்பணி – உடலைக் காக்க அணிவது
- இழப்பீடு – இழப்புக்கு ஈடாகத் தரும் தொகை
- தமையன் – மூத்த உடன்பிறந்தான்

மொழியோடு உறவாடு: செய்வினையும் செயப்பாட்டுவினையும்

கீழ்க்காணும் தொடர்களை நோக்குக.

அ) பொறுப்பாளர் வலையைக் கட்டவில்லை.
ஆ) பொறுப்பாளரால் வலை கட்டப்படவில்லை.
இ) வலை கட்டப்படவில்லை.

முதல் தொடரில் செயலுக்கு உரியவரே எழுவாயாக நிற்கிறார், இது செய்வினை. இரண்டாம் தொடரில் ‘வலை’ எழுவாயாகிறது; செயலுக்கு உரியவர் ‘ஆல்’ உருபு ஏற்கிறார்; ‘படு’ என்னும் துணைவினை சேர்கிறது. இது செயப்பாட்டுவினை. மூன்றாம் தொடரும் செயப்பாட்டுவினையே. ஆனால், கட்ட வேண்டியவர் யார் என்பது அதில் மறைந்துவிட்டது.

செய்தித்தாளில் “விபத்து நேர்ந்தது” என்னும் தொடரைக் காணும்போது, ‘எதனால்?’, ‘யார் செய்யத் தவறியதால்?’ என்னும் வினாக்களை எழுப்புங்கள். இலக்கணம் அறிந்தவர்க்கு மறைந்து நிற்பவரும் புலப்படுவார்.

பயிற்சி

I. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. இந்தியாவின் முதல் சுரங்கச் சட்டம் இயற்றப்பட்ட ஆண்டு ________.
 அ) 1897 ஆ) 1901 இ) 1948 ஈ) 1952
2. கல்தூசியால் நுரையீரலில் உண்டாகும் நோய் ________.
 அ) மலேரியா ஆ) மஞ்சட்காமாலை இ) சிலிக்கோசிஸ் ஈ) இரத்தசோகை
3. பாதுகாப்பின் ஐந்து படிகளுள் தலைக்கவசம் அணிதல் ________ படியாகும்.
 அ) முதல் ஆ) இரண்டாம் இ) மூன்றாம் ஈ) ஐந்தாம்

II. கோடிட்ட இடத்தை நிரப்புக.

1. தங்கவயலுக்கு மின்சாரம் ________ அருவியிலிருந்து கொண்டுவரப்பட்டது.
2. தங்கவயல் மக்கள் பாறை வெடிப்பை ________ என்று அழைத்தனர்.
3. கழிவுநீர்த் தொட்டியில் ஒருவர் மயங்கி விழுந்தால் ________ என்னும் எண்ணை அழைக்க வேண்டும்.

III. பிரித்து எழுதுக.

1. கருங்கல் 2. காற்றோட்டம் 3. தங்கவயல் 4. உயிரிழப்பு

IV. செய்வினையாக மாற்றி எழுதுக. செயலுக்கு உரியவரை நீங்களே சேர்க்க.

1. லிஃப்ட் குழி மூடப்படவில்லை.
2. தொழிலாளர்க்குக் கையுறை வழங்கப்பட்டது.
3. மின் இணைப்பு துண்டிக்கப்படவில்லை.

V. ஓரிரு தொடரில் விடையளிக்க.

1. பாறை வெடிப்பு ஏன் நேர்கிறது?
2. நாற்றம் நின்றுவிட்டால் கழிவுநீர்த் தொட்டி பாதுகாப்பானது எனக் கருதலாமா? காரணம் கூறுக.
3. 1987 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தொழிலாளர் பெற்ற உரிமைகள் யாவை?

VI. பத்து வரிகளில் விடையளிக்க.

1. ‘கவனத்தால் மட்டும் தடுக்கக்கூடிய இடர்கள் சிலவே, ஏற்பாட்டால் தடுக்க வேண்டியவையே பல.’ தங்கவயல், பெங்களூரு ஆகிய இரண்டிலிருந்தும் சான்று காட்டி விளக்குக.
2. ‘இழப்பு முன்னே வந்தது, சட்டம் பின்னே வந்தது.’ இந்நிலை மாற என்ன செய்யலாம்? உம் கருத்தை எழுதுக.

VII. செயல்திட்டம்

உம் வீட்டில் அல்லது தெருவில் உழைக்கும் ஒருவரைச் சந்தித்துப் பின்வருவனவற்றைக் கேட்டு எழுதுக. அவர் கூற விரும்பாதவற்றை வற்புறுத்திக் கேட்க வேண்டா. அவர் பெயரையும் பணியிடத்தின் பெயரையும் எழுத வேண்டா.

1. உங்கள் வேலையில் நீங்கள் மிகவும் அஞ்சுவது எது?
2. அதனைத் தடுக்க என்ன ஏற்பாடு உள்ளது? இன்னும் என்ன வேண்டும்?
3. வேலையில் சேர்ந்த முதல் நாளில் உங்களுக்குப் பயிற்சி அளித்தது யார்?
4. காயம்பட்டால் முதலுதவி எங்குக் கிடைக்கும்?
5. உங்கள் பணியிடப் பலகையில் உங்களுக்குப் படிக்கத் தெரியாத சொல் உண்டா?

ஐந்தாம் வினாவுக்கு ‘உண்டு’ என்று விடை வந்தால், அச்சொல்லைக் கண்டறிந்து அவருக்குக் கற்பித்த பின்னரே செயல்திட்டத்தை ஆசிரியரிடம் ஒப்படைக்க.